ஆண்டறிக்கை: யாபா முதல் அபுஜா வரை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

லாகோஸில் மருந்துத் தொழிலில் இருக்கும் நாம், நமக்குச் சோறு போடும் நைஜீரியாவின் ஆராய்ச்சி வரலாற்றையே இந்த ஆண்டுக் கூட்டங்களுக்குப் பொருளாக வைத்துக்கொண்டோம். பொங்கல் விழா வழக்கம்போல நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அதிகம் பேசப்பட்டது மஞ்சள் காய்ச்சல் உரைதான். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு 1925இல் இங்கே லாகோஸின் யாபா பகுதியில் ஆய்வுக்கூடம் போட்டது. ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு நோயாளியின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 1927இல், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட்டில், அசிபி என்ற நோயாளியின் ரத்தத்தை இந்திய ரீசஸ் குரங்குக்கு ஏற்றியபோதுதான் நோய் பற்றியது. அசிபி பிழைத்துக்கொண்டார். அந்த ஆய்வில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு லாகோஸில் மஞ்சள் காய்ச்சலுக்கே பலியானார். அசிபியிடமிருந்து எடுத்த வைரஸை நியூயார்க்கில் வீரியம் குறைத்து மாக்ஸ் தைலர் உருவாக்கியதே 17டி தடுப்பூசி. 1951இல் அவருக்கு நோபல் பரிசு. விமானம் ஏறும் முன் நாமெல்லாம் போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டை வாங்கினோமே, அதே ஊசிதான். அதை யாபாவிலேயே 1991 வரை தயாரித்தார்கள். அப்புறம் நின்றுபோனது.

அபுஜாவில் 1987இல் தொடங்கிய தேசிய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் 'நிப்ரிசான்' கதையும் இப்படித்தான். சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகைக்கு நாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்துவந்த மருந்திலிருந்து பிறந்தது. கிராம்பு, சோளம், நம் மிளகுக்கும் வேங்கைக்கும் உறவான இரண்டு செடி மரங்கள், அவ்வளவுதான் சரக்கு. நம் சித்த மருத்துவ ஆர்வலர்கள் அன்று கூட்டத்தை முடிக்கவே விடவில்லை! 2006இல் விற்பனைக்கு வந்தது; உரிமம் வாங்கிய அமெரிக்க நிறுவனம் நொடித்ததும் தயாரிப்பு படுத்துவிட்டது.

அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை என்பது என் கருத்து. 2020 மார்ச்சில், நைஜீரியாவின் முதல் கொரோனா நோயாளி உறுதியான சில நாட்களிலேயே, ஆப்பிரிக்காவில் முதன்முதலாக அந்த வைரஸின் மரபணு வரிசையைப் படித்தது நைஜீரியாவின் எடே நகரில் மரபணு ஆய்வாளர் கிறிஸ்டியன் ஹப்பியின் குழு. ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்குப் போகும் வழியில்தான் காசு வற்றிவிடுகிறது. ஆலைகளில் வேலை செய்யும் நமக்கு இது புதுச் செய்தியும் இல்லை.

அடுத்த ஆண்டு முதல் கூட்டம் 1969இல் கண்டறியப்பட்ட லஸ்ஸா காய்ச்சல் பற்றியது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் கட்டிவிடுங்கள்.

செயலாளர்