தையல்கார அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். குறைமாதத்தில் பிறந்து, கைக்குழந்தையிலேயே கண்ணில் லேசர் போட்ட எங்கள் பாப்பாவுக்கு நேற்று மதுரையில் கண் பரிசோதனை முடிந்தது. சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். லேசர் போட்ட தழும்புகள் அப்படியே அடங்கிக் கிடக்கின்றன, விழித்திரை நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு பாப்பா கடைசிக்கு இரண்டு வரி முன்னால் வரை வாசித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைத்தால் போதுமாம். இந்தக் கண்ணுக்காக நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை.

குறைமாதக் குழந்தைகள் வார்டு நர்ஸ் அம்மாக்கள், பணம் புரட்டித் தந்த சித்தப்பா, மேலூரிலிருந்து ராத்திரியில் கார் எடுத்த தம்பி, மாட்டுத்தாவணியில் எங்களுக்காகவே காத்துக்கிடந்த ஆட்டோ அண்ணன், அழகர்கோவிலில் வேண்டிக்கொண்ட அத்தைமார் என எல்லோருக்கும் ஒரே கும்பிடாகப் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நேரில் வருவேன்.

தனியாகச் சொல்ல வேண்டியது எங்கள் தெரு தையல்கார அக்காவைத்தான்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு விழித்திரையின் ஓரத்தில் ரத்தக் குழாய் போய்ச் சேராத இடத்தை லேசரால் சுட்டுவிடுகிறார்கள். கண்டபடி புதுக் குழாய் முளைத்து விழித்திரையைப் பிய்த்து இழுக்காமல் இருப்பதற்காக. ஓரப் பார்வை கொஞ்சம் போகும், நடுப் பார்வை நிற்கும். இதோடு முடியாது என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். சொன்னபடியே ஒரு வயதுக்குள் கிட்டப்பார்வை வந்து, ஒரு கண்ணுக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 7, இன்னொன்றுக்கு மைனஸ் 5. மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பழக்காமல் விட்டுவிடும். அப்புறம் பெரிய வயதில் எந்தக் கண்ணாடி போட்டாலும் முழுசாகத் திரும்பாது. ஆக, தூங்கும் நேரம் தவிர கண்ணாடி முகத்தில் இருந்தாக வேண்டும். ஒரு வயசுப் பிள்ளையிடம் இதை யார் சொல்வது? சாம்பார்ச் சட்டி முதல் பஸ் சன்னல் வரை எறிந்தாள். கடையில் வாங்கிய ரப்பர் பட்டை முடியைப் பிடுங்கியது, காதுக்குப் பின்னால் புண்ணாகிவிட்டது.

ஜாக்கெட் வாங்கப் போன அன்று, இடுப்பிலிருந்தபடியே பாப்பா வீசிய கண்ணாடி அக்காவின் நூல்கண்டுகளுக்கு நடுவே விழுந்தது. எடுத்துத் துடைத்தார். காம்பைத் தடவிப் பார்த்தார். "இரும்மா, செத்த நேரம்" என்று பழைய சுங்குடிச் சேலையில் ஒரு கிழிசலை எடுத்தார். மெல்லிய எலாஸ்டிக்கை உள்ளே விட்டு உறை தைத்து, இரண்டு முனையிலும் காம்பு நுழையும் அளவுக்குச் சின்னப் பை வைத்தார். மடித்துத் தைத்த விளிம்பெல்லாம் வெளிப்பக்கம், தோலில் உரசாதபடி. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு விட்டாரா? தன் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கும் அதே துணியில் ஒன்று தைத்துத் தலையைச் சுற்றி மாட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தார். அளவு கொடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். "பாப்பாவும் நானும் ஒரே கட்சி" என்றார். பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எறிவது குறைந்தது, மெல்ல மெல்ல நின்றேவிட்டது. தலை வளர வளர புதுப் பட்டை. நல்ல கண்ணை மறைத்துப் பழக்கச் சொன்னபோது கண்ணாடியில் செருகும் துணி மறைப்பும் அவரே தைத்தார். காசு என்று வாயெடுத்தால் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார், பேச்சே கேட்காது. லேசர் கண்ணைக் காப்பாற்றியது. அந்தக் கண் பார்க்கப் பழகியதில் பாதிப் பங்கு இவருக்கு என்றுதான் நான் சொல்வேன்.

விழித்திரை பிரிவது பெரியவளான பிறகும் வரலாமாம். அதனால் ஆண்டுதோறும் காட்டுவேன், என் காலத்துக்குப் பிறகு அவளே போகும்படி பழக்குவேன். இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிள்ளை பிறந்த வீடு எது என்று காதில் விழுந்தாலும் போய்ச் சொல்வேன்: பிறந்த 30 நாளுக்குள் கண்ணைக் காட்டுங்கள், ரொம்ப முன்கூட்டிப் பிறந்ததென்றால் அதற்கும் முன்னால். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள்.

கண்ணாடியைக் கழற்றி எறியும் பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். பட்டை தைத்துத் தரவும், தைக்கச் சொல்லித் தரவும் அக்கா தயார். வரும்போது பிள்ளையின் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவரச் சொன்னார், காம்பின் தடிமன் பார்க்க வேண்டுமாம்.