சித்தப்பாவின் ஜனதா டயல் எங்கே?

அன்புள்ள வாட்ச் ரிப்பேர் அண்ணன்மாருக்கும், பழைய கைக்கடிகாரம் வாங்கி விற்பவர்களுக்கும்,

வணக்கம். சண்டைக்கு வரவில்லை. உங்கள் கடை வாசலில் நின்று, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு நீங்கள் வேலை செய்வதைப் பார்த்தே பல மாலைகளைக் கழித்தவன் நான். ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்ட ஹெச்எம்டி ஜனதா கைக்கடிகாரத்தைத்தான் ஓய்வு பெறும்வரை கட்டினார். ஒரு ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் இறங்கி, டயலில் ஆறு மணிக்குச் சற்று மேலே புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை படிந்துவிட்டது. போன வருடம் வாட்ச் நின்றுபோனது. நான்தான் ஒரு கடையில் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வாங்கப் போனால் அடையாளமே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று புது டயல், கறுகறுவென்று புது முட்கள். “ஒரே கறையா இருந்துச்சு சார், மாத்திட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்” என்றார் கடைக்காரர். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார். சித்தப்பா காதில் வைத்துக் கேட்டார். ஓடுகிற சத்தத்தில் முகம் மலர்ந்தது. அப்புறம் டயலைப் பார்த்துவிட்டு, “ஓடுது, சரி. ஆனா இது யாருதுடா?” என்றார்.

பழைய டயலைக் கேட்டுத் திரும்பவும் கடைக்குப் போனேன். ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். ஜனதா, பைலட், சோனா என்று பல ஹெச்எம்டி மாடல்களின் டயல்கள் நாற்பது ஐம்பது இருக்கும். சித்தப்பாவுடையது அதில் இல்லை. பழைய சாமான் எடுப்பவரிடம் போயிருக்கலாம் என்றார்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிளாஸ் கீறினால் மாற்றத்தான் வேண்டும். மெயின் ஸ்பிரிங் அறுந்தால் வேறு போடத்தான் வேண்டும். தேய்ந்த கீ, இற்றுப்போன வாஷர், ஸ்ட்ராப் எல்லாம் சைக்கிளுக்கு டயர் டியூப் மாதிரி. உங்கள் கஷ்டமும் தெரியும். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய ஹெச்எம்டி வாட்ச் பிரிவை மூட, மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. புதுச் சாமான் வராது. மூன்று செத்த வாட்ச்சைப் பிரித்து ஒன்றுக்கு உயிர் கொடுக்கிறீர்கள். ஜனதாவுக்குள்ளும் பைலட்டுக்குள்ளும் ஒரே குடும்பத்து 17 ஜுவல் (பல்சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பொடிக் கற்கள்) மெஷின் ஓடுவதால் ஒன்றின் பல்சக்கரம் இன்னொன்றில் பொருந்துகிறது. அந்த வேலைக்கு ஒரு கும்பிடு. ஸ்விஸ் வாட்ச் என்றால் உங்கள் நிலைமை இன்னும் மோசம். பல கம்பெனிகள் வெளியாட்களுக்கு உதிரிபாகமே தருவதில்லை.

ஆனால் டயல் வேறு. பல்சக்கரம் மூடிக்குள் கிடப்பது, யாரும் பார்ப்பதில்லை. டயல்தான் வாட்ச்சின் முகம். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, புதிதாக ஸ்பிரே அடித்து, மேலே எழுத்தை அச்சடித்துவிட்டால் போனது போனதுதான். கோயில் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டின் எழுத்தை மழுங்கடித்த கதை இந்த ஊருக்குப் புதிதில்லை. இதுவும் அதே ஜாதிதான்.

ஆன்லைனில் விற்பவர்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நூறு சதவீதம் ஒரிஜினல்’ என்ற விளம்பரத்தை நம்பி ஹெச்எம்டி பைலட் ஒன்று வாங்கினேன். கறுப்பு டயல், புதுச் செருப்பு மாதிரி மினுக்கிக்கொண்டு வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் பிசிறடித்திருந்தது. ‘17 ஜுவல்ஸ்’ வரி ஒரு பக்கம் சரிந்திருந்தது. பன்னிரண்டு மணிக் குறியும் நிமிடக் கோடும் நேர்கோட்டில் இல்லை. வினாடி முள் நிமிடக் கோட்டைத் தொடாமல் பாதி வழியிலேயே நின்றது. வேறு ஏதோ வாட்ச்சின் முள். கழற்றிப் பார்த்தால், மெஷினில் உட்கார வேண்டிய கால் ஒன்று உடைந்து, டயலைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஓடியது, நேரமும் சரியாகத்தான் காட்டியது. ‘டயல் புதிதாகப் பெயின்ட் அடித்தது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், விலையைக் கொஞ்சம் பேசிவிட்டுச் சந்தோஷமாகவே வாங்கியிருப்பேன்.

இந்த மாதிரிச் சரக்குக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட், ஹெச்எம்டி, சீகோ 5 எது இந்தியாவிலிருந்து போனாலும் அவர்கள் முதலில் சந்தேகிப்பது டயலைத்தான். ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் டயல் அடித்து விற்றவர்களால், நேர்மையாக விற்பவருக்கும் அதே பெயர். (கிளிப்பச்சை பைலட் எனக்கும் பிடிக்கும், பொய் சொல்வானேன். ‘1970 ஒரிஜினல்’ என்று அதற்குச் சான்றிதழ் கொடுப்பதுதான் பிடிக்கவில்லை.)

ஏமாற்று நம் ஊரோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஆம் வருட ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று முப்பது லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. வெயிலில் பழுத்த மாதிரி பழுப்பேறிய டயல். எடுத்தது ஒமேகாவே, தன் மியூசியத்துக்காக. 2023-ல் தெரிந்த சேதி என்னவென்றால், அது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாகம் பொறுக்கிச் சேர்த்த வாட்ச். தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் தொடர்பு உண்டு என்று கம்பெனியே சொன்னது. செய்தவனுக்கே தன் சரக்கில் தடுமாற்றம் என்றால், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஜனதா வாங்குகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

சில பொய்களை இருட்டே காட்டிக்கொடுத்துவிடும். 1960-களின் பிற்பகுதியிலிருந்து 90-கள் வரை வந்த பல ஸ்விஸ் டயல்களில் ஒளிர்வதற்கு டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசுவார்கள். கீழே ‘டி ஸ்விஸ் டி’ என்று பொடி எழுத்தில் இருக்கும். பன்னிரண்டே கால் வருடத்துக்கு ஒருமுறை அதன் சக்தி பாதியாகும். அப்படியானால் 1970-ல் பூசியதில் இன்று இருபதில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அது ராத்திரி முழுக்க மின்மினி மாதிரி எரிந்தால், யாரோ அண்மையில் பூசியிருக்கிறார்கள். இதை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள். நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. டயல், முள், கேஸ் (வெளிக்கூடு) மூன்றிலும் கை வைப்பதற்கு முன் ஒரு போன் போடுங்கள். கேஸைப் பாலிஷ் போடுவதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஓரங்கள் ஒருமுறை மழுங்கிவிட்டால் திரும்பக் கூர்மையாகாது. என்ன மாற்றினீர்கள் என்று ரசீதின் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கழற்றியதைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு வாட்ச்சோடு கையில் கொடுத்துவிடுங்கள். பைக்குச் செயின் மாற்றினால் மெக்கானிக் பழைய செயினைக் கண்ணில் காட்டுகிறாரா இல்லையா? விற்பவர்கள் பின்மூடியைத் திறந்து மெஷினை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். பெயின்ட் அடித்ததைப் பெயின்ட் அடித்தது என்றே எழுதுங்கள். அதற்கும் ஆள் இருக்கிறது. புதிதாகப் பளிச்சென்று கட்ட ஆசைப்படுகிறவர்கள் நிறைய; அவர்களிடம் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று, இது என் சொந்த வேலை. சித்தப்பா இப்போது அந்த வாட்ச்சைக் கட்டுவதில்லை. பீரோவில் சாவி கொடுக்காமல் கிடக்கிறது. உங்கள் யாருடைய டப்பாவிலாவது வெள்ளை ஜனதா டயல் ஒன்று, ஆறு மணிக்குச் சற்று மேலே புளியங்கொட்டை அளவு பழுப்புக் கறையோடு கிடந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடை வாசலில் நிற்கும் ஒருவன்