தம்பியை வார்டில் சேர்த்திருக்கிறேன்

மஸ்கெலியா

அன்பு மச்சான்,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டிக்கொள். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், வாய் வரவில்லை. இங்கே விடாத மழை. வீட்டில் எல்லாரும் சுகம், சின்னவளுக்குத் தையில் கலியாணம். நாவல்மர வழக்கில் தோற்றது இன்னும் நீதான், அதில் மாற்றமில்லை.

செய்தி தம்பியைப் பற்றி. நீ கோச்சி ஏறிய அன்று அட்டன் ஸ்டேஷனில் உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதானே, அவன்தான். அவனை மனநோய் வார்டில் சேர்த்திருக்கிறேன். அவன் சம்மதம் இல்லாமல்.

சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டது. ராத்திரியெல்லாம் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தனியாகப் பேசுவான், பாடுவான். லயத்து வீடுகளில் யாருக்கும் தூக்கமில்லை. "அங்கொடை பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றார்கள், சிலர் பூசாரியிடம் கட்டு கழிக்கச் சொன்னார்கள். நான் கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அவனிடம் நிறைய நேரம் பேசினார். சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், தன்னையோ பிறரையோ வருத்தும் எண்ணம் இல்லை. வார்டில் தங்குகிறாயா என்று கேட்டதற்கு, புரிந்துகொண்டு தெளிவாக "மாட்டேன்" என்றான். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபம்! அங்கேயே சண்டை போட்டேன். "பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்பதற்காக ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது, ஐயா" என்றார்.

மாத்திரையை அவன் விழுங்கவேயில்லை. தலையணைக்குள் கிடந்தது. புரட்டாசியில் பேச்சு நின்றது, பிறகு சாப்பாடு, கடைசியில் தண்ணீரும். ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு நான் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அதே இடத்தில், அதே மாதிரி கோப்பையைப் பிடித்தபடி இருந்தான். தேத்தண்ணி ஆறி, மேலே ஏடு படிந்திருந்தது. அன்றைக்கே 1990 நம்பருக்கு அடித்து அம்புலன்ஸ் வரவழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கையை மெல்லத் தூக்கிவிட்டார். கை அப்படியே அந்தரத்தில் நின்றது, மச்சான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்குள்ள மனநோய்ச் சட்டம் 1873இல் எழுதியது, நம் முப்பாட்டன்மார் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த காலம். 1956இல் அதைத் திருத்தி, தானாக வருபவர், தற்காலிக நோயாளி என்று பிரித்தார்கள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லக்கூட முடியாத நிலையில் இருப்பவர்தான் தற்காலிக நோயாளி. டாக்டர் இதை விளக்கியபோதுதான் சித்திரையில் அவர் ஏன் மறுத்தார் என்று புரிந்தது. அன்று தம்பிக்கு ஒரு பதில் இருந்தது, இன்று அதுவும் இல்லை. தண்ணீரும் இறங்காமல் இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டான். கையெழுத்துப் போட்டேன்.

இந்தியாவில், உங்கள் கோத்தகிரிப் பக்கம், 2017ஆம் வருட மனநலச் சட்டம் இன்னும் விவரமாக இருக்கிறதாம். தனக்குக் கேடு செய்ய முயன்றிருக்க வேண்டும், அல்லது பிறர் அஞ்சும்படி நடந்திருக்க வேண்டும், அல்லது ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் இருக்க வேண்டும். அதையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். பாட்டுப் பாடுவது, குடும்ப மானம் போவது, இதெல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லை. சித்திரையில் நான் கொண்டுபோன காரணம் மானம் ஒன்றுதான். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஊசி போட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறான். ஐந்தாம் நாள் முதல் பேச்சு: "சீனி காணாது." நர்ஸ் பிள்ளை சிரித்தது, நான் அழுதேன். அப்புறம் கேட்டான், "யார் கையெழுத்துப் போட்டது?" நான்தான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று நாளாகப் பேச்சில்லை, ஆனால் நான் கொண்டுபோகும் ரொட்டியைத் தின்கிறான்.

நீ அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. என் பேச்சை எடுக்காதே. ஆற்றில் விட்ட செருப்பைப் பற்றி எழுது, அது போதும்.

உன்
கணேசன்