பூமியின் மேலும் ஓர் அம்புக்குறி வேண்டும்

இயற்பியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடுவில் பூமி, சுற்றிலும் வட்டம், வட்டத்தின் மேல் நிலா. நிலாவிலிருந்து பூமியை நோக்கி ஓர் அம்புக்குறி: மையநோக்கு விசை. அதே நிலாவிலிருந்து வெளிப்பக்கமாக இன்னொன்று: மையவிலக்கு விசை. ‘விசையும் எதிர்விசையுமான இவை சமமாக இருப்பதால் நிலா விழாமல் சுற்றுகிறது’ என்று கீழே ஒரு வரி. நான் படித்த புத்தகத்தில் இப்படித்தான் இருந்தது. பல வருடம் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அதே புத்தகம் சில பக்கங்கள் முன்னால் நியூட்டனின் மூன்றாம் விதியைச் சரியாகவே சொல்லியிருந்தது: விசையும் எதிர்விசையும் இரு வேறு பொருள்கள் மீது செயல்படும். அப்புறம் எப்படி இரண்டும் நிலாவின் மேலேயே வந்து உட்கார்ந்தன? அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால், முதல் விதிப்படி நிலா நேர்கோட்டில் போய்விடும், வளையவே வளையாது. உண்மையில் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு நொடியில், நேர்கோட்டிலிருந்து பூமிப் பக்கமாக ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். அதே நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் போய்விடுவதால் நம் தலையில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

மையவிலக்கு விசையை ஒழித்துவிடச் சொல்லவில்லை. சுழலும் குறிப்பாயத்தில் இருந்து, அதாவது தானும் கூடவே சுழன்றபடி பார்த்து, கணக்குப் போடுகிறவருக்கு அது உதவும். ஆனால் அது போலி விசை. அதற்கு ஜோடி கிடையாது.

சரி, நிஜமான எதிர்விசை எங்கே? பூமியின் மேல். பூமி நிலாவை எவ்வளவு இழுக்கிறதோ (2 போட்டுப் பின்னால் 20 சுழியம், அத்தனை நியூட்டன்) அவ்வளவே நிலாவும் பூமியை இழுக்கிறது. ‘பெரியதுதானே பலமாக இழுக்கும்’ என்று மனசு முரண்டுபிடிக்கும் இடம் இது. பாடம் நின்று நிதானிக்க வேண்டியதும் இங்கேதான். இழுப்பு சமம், அசைவுதான் சமமில்லை. பூமியின் நிறை 81 மடங்கு அதிகம் என்பதால் அது 81-இல் ஒரு பங்கே அசைகிறது. இரண்டுக்கும் பொதுவான நிறைமையம், அதாவது இரண்டுமே சுற்றிவரும் புள்ளி, பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,670 கி.மீ. தள்ளி, பூமிக்குள்ளேயே இருக்கிறது. புளூட்டோவின் துணைக்கோளான சாரோன் அதன் நிறையில் எட்டில் ஒரு பங்கு. அங்கே நிறைமையம் புளூட்டோவுக்கு வெளியே, வெற்றிடத்தில்.

1995-இல் வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனுக்கு ஒரு கோள் இருப்பதைக் கண்டுபிடித்தபோது, அந்தக் கோளை அவர்கள் பார்க்கவே இல்லை. கோளின் இழுப்பால் விண்மீன் நொடிக்கு 50 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் முன்னும் பின்னும் ஆடியதை அதன் ஒளியில் அளந்தார்கள். நீங்கள் வரையாமல் விட்ட அம்புக்குறிதான் அது. 2019-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அணுப் பாடத்திலும் இதே கதை. உட்கருவை ஆணி அடித்து நடுவில் நிறுத்திவிட்டு, எலக்ட்ரானை மட்டும் சுற்றவிடுகிறீர்கள். ஹைட்ரஜன் அணுவின் உட்கரு ஒரே ஒரு புரோட்டான். புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல் 1,836 மடங்கு, அதனால் அதன் அசைவு ஒரு பொருட்டில்லை என்று தோன்றும். ஆனால் எலக்ட்ரான் கோளைப் போலச் சுற்றுவதாகக் கொண்ட இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அணு மாதிரியில் கணக்கிட்டுப் பாருங்கள்: பொது நிறைமையம் புரோட்டானின் மையத்திலிருந்து அதன் ஆரத்தைப் போல் 30 மடங்குக்கும் மேல் தள்ளி விழும். இந்த விஷயத்தில் ஹைட்ரஜன் அணு பூமியை விடப் புளூட்டோவுக்குத்தான் பக்கம்!

இந்தச் சின்ன அசைவு நீல்ஸ் போரையே சோதித்தது. 1913-இல் அவர் சில நிறமாலை வரிகள் (அணு உமிழும் ஒளியின் தனித்தனி நிறக் கோடுகள்) அயனியாக்கப்பட்ட, அதாவது ஓர் எலக்ட்ரானை இழந்த, ஹீலியத்துடையவை என்றார். ஹைட்ரஜனின் வரிகளோடு ஒப்பிட்டால் அதிர்வெண்களின் விகிதம் சரியாக 4 வரவேண்டும், அளந்தால் 4.0016 வருகிறதே என்று வானியலாளர் ஆல்பிரட் ஃபௌலர் மடக்கினார். உட்கருவும் அசைகிறது என்பதைச் சேர்த்துப் போர் மறுபடி கணக்கிட்டார்: 4.00163. எலக்ட்ரான் கோளைப் போலச் சுற்றவில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் உட்கருவின் அசைவுக்கான திருத்தம் குவாண்டம் இயற்பியலிலும் அப்படியே இருக்கிறது.

ஒரு பக்கமும் கூடப்போவதில்லை. அடுத்த பதிப்பில் நிலாவிலிருந்து வெளியே நீளும் அம்புக்குறியை அழித்துவிட்டு, அதே நீளத்தில் ஒன்றைப் பூமியின் மேல், நிலாவை நோக்கி வரையுங்கள். உட்கருவின் மேலும் ஒன்று.

அன்புடன்,
அந்தப் படத்தை நம்பி வளர்ந்த ஒருவன்