டிஸ்ட்ரிபியூட்டரை விடு, பெல்ட்டைப் பார்

அன்புள்ள செல்வம்,

நீ அனுப்பிய கடிதமும் படங்களும் கிடைத்தன. டைமிங் பெல்ட்டை நீயே மாற்றியதிலிருந்து கார் சரியாக இழுக்கவில்லை, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் பண்ண வேண்டும் என்று உங்கள் கூலாய் ஃபோமன் (மெக்கானிக்) சொன்னதாக எழுதியிருக்கிறாய். பணம் எதுவும் கொடுத்துவிடாதே. அந்த கொரோல்லா எஸ்.இ.ஜி. நீ ஈசூனில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்குத் தெரிந்த வண்டி. பெல்ட் மாற்றுவதற்கு முந்தின நாள் வரை பினாங்கு போய் வந்த இன்ஜினுக்கு, மாற்றின மறுநாளே நாலு சிலிண்டரிலும் ரிங் தேய்ந்துவிடுமா? நீ கடைசியாகக் கை வைத்த இடம் டைமிங் பெல்ட், கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டையும் சேர்த்துச் சுற்ற வைப்பது அதுதான், அதனால் சந்தேகமும் அங்கேதான் தொடங்க வேண்டும். பெல்ட் கேம் கப்பியில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது என்பது என் கணிப்பு.

ஒரு நல்ல செய்தி, அது 4ஏ-எஃப்இ இன்ஜின். பெல்ட் அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளாத வகை, அதனால் ஒரு பல் தள்ளிப் போனதால் வால்வு வளைந்திருக்குமோ என்று பயப்பட வேண்டாம். இதே வேலையை ஹோண்டா பி வரிசை இன்ஜினில் செய்துவிட்டு ஸ்டார்ட் போட்டிருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நீ சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்க்கிறேன். மாட்டிய உடனே ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டது, ஐட்லிங் உதறியது. ஃபோமன் வந்து ஸ்பார்க் நேரத்தைக் காட்டுகிற டைமிங் லைட் வைத்துப் பார்த்து, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார், உதறல் நின்றது. ஆனால் மேட்டில் இழுவை இல்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகு மட்டும் ஓரளவு பரவாயில்லை. இந்தக் கடைசி வரிதான் காட்டிக் கொடுக்கிறது. கேம் ஷாஃப்ட் பிந்திப் போனால் கீழ் வேகத்தில் உயிர் போய்விடும், மேல் வேகத்தில் அவ்வளவாகத் தெரியாது. முந்திப் போயிருந்தால் தலைகீழாக இருந்திருக்கும்.

கணக்கும் பொருந்துகிறது. கேம் கப்பி கிராங்க் வேகத்தில் பாதிதான் சுற்றும். கேம் கப்பியில் 48 பல் என்று வைத்துக்கொள் (நீயே எண்ணிப் பார்), ஒரு பல் என்பது அங்கே ஏழரை டிகிரி, கிராங்க்கில் 15 டிகிரி. உன் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம்தான், ஆகவே கேம் ஒரு பல் பிந்தினால் ஸ்பார்க்கும் அதே 15 டிகிரி பிந்தும். ஃபோமன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஸ்பார்க்கை மட்டும் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டார், லைட்டில் 10 டிகிரி அழகாகத் தெரிந்திருக்கும், வால்வு திறக்கிற மூடுகிற நேரம் மட்டும் தப்பாகவே நிற்கிறது. நீ அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட் அந்த நீள்துளையின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. போல்ட்டின் பழைய வாஷர் தடம் துளையின் நடுவில் அழுக்கோடு அப்படியே இருக்கிறது பார். இத்தனை வருஷம் நடுவில் இருந்தது ஒரே நாளில் ஓரத்துக்கு ஏன் போக வேண்டும்? அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். லைட் சரியாகக் காட்டினால் எல்லாம் சரி என்று நினைக்கிறவர்கள் இங்கே சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறைகளிலும் இருக்கிறார்கள், உங்கள் கூலாயில் மட்டும் இல்லை.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, நாலு சிலிண்டரிலும் குறைவு என்றாராம் ஃபோமன். ரிங் போவதென்றால் ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்றுதான் பெரும்பாலும் போகும். நாலும் ஒரே அளவுக்குக் குறைந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது என்று அர்த்தம், உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பி வெளியே போய்விடுகிறது. நம்பிக்கை வராவிட்டால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார். எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறவே இல்லை என்றால் என் பேச்சைக் கேள். இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தை அளக்கிற வேக்குவம் கேஜ் யாரிடமாவது கிடைத்தால் இன்னும் சுலபம், ஐட்லிங்கில் 17இலிருந்து 21 அங்குலம் காட்ட வேண்டிய முள், அதற்குக் கீழே ஆடாமல் அசையாமல் நின்றால் அதுவே போதும்.

எப்படித் தள்ளிப் போயிருக்கும் என்று கேட்டாய். குறிகளை எல்லாம் நேராக வைத்துத்தான் மாட்டினேன் என்கிறாய், நம்புகிறேன். பெல்ட்டை மாட்டும்போது டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற கப்பி) இல்லாத பக்கம் தொய்வாக இருந்திருக்கும். கிராங்க் சுற்றத் தொடங்கியதும் முதலில் அந்தத் தொய்வு இறுகும், அதற்குப் பிறகுதான் கேம் நகரும், அங்கேயே ஒரு பல் போய்விடும். அதனால்தான் மாட்டி முடித்ததும் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி குறிகளைப் பார்க்கச் சொல்வார்கள், உன் கடிதத்தில் அந்தச் சுற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. செம்பவாங் பட்டறையில் கப்பல் இன்ஜின் செயினை மாற்றியதும் டர்னிங் கியர் போட்டுச் சுற்றாமல் யாராவது விட்டிருப்பார்களா? காருக்கு மட்டும் என்னடா அவசரம்.

சரி, செய்ய வேண்டியது இது. பேட்டரியைக் கழற்று, நாலு பிளக்கையும் எடுத்துவிடு, கையால் சுற்ற லேசாக இருக்கும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வா. கிராங்க் கப்பியில் இருக்கிற வெட்டை மட்டும் நம்பாதே, பழைய கப்பியில் நடுவிலே இருக்கிற ரப்பர் நழுவி வெளி வளையம் திரும்பிப் போயிருக்கலாம். பிளக் துளையில் நீளமான பிளாஸ்டிக் குழாய் விட்டு பிஸ்டன் ஏறி நிற்பதைத் தொட்டுப் பார், சாத்தே குச்சி வேண்டாம், உள்ளே ஒடிந்தால் அதற்கு வேறு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். கவரைக் கழற்றி கிராங்க் பல்சக்கரத்தின் சொந்தக் குறியையும் பார். கேம் கப்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட துளையோ எழுத்தோ இருந்தால் எது உன் இன்ஜினுக்கு உரியது என்று மேனுவலில் பார்த்துக்கொள், அங்கே ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கேம் குறி தள்ளியிருப்பது கண்ணுக்கே தெரியும். டென்ஷனரைத் தளர்த்திப் பின்னே தள்ளி இறுக்கி வை, பெல்ட்டை கேம் கப்பியிலிருந்து மட்டும் உருவு, கேமை ஸ்பானரால் குறிக்குக் கொண்டு வா. வால்வு ஸ்பிரிங் அதைத் திமிறித் தள்ளும், விடாமல் பிடித்துக்கொள். பிறகு கிராங்க்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக இழுத்தபடி கேமில் ஏற்று, டென்ஷனர் பக்கம் கடைசி. டென்ஷனரை விடு, ஸ்பிரிங் தானே இழுத்துக்கொள்ளும், நீ கையால் அழுத்தி உதவ வேண்டாம். அதிகம் இறுகினால் ஊளையிடும், தளர்ந்தால் கவரில் அடிக்கும். கிராங்க் போல்ட்டைப் பிடித்து வலஞ்சுழியாக இரண்டு சுற்று, பின்னோக்கி ஒரு இழைகூடக் கூடாது, கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றவும் கூடாது. கப்பிக் குறிகள் இரண்டும் திரும்ப வந்து நின்றால் டென்ஷனரை இறுக்கு. புது பெல்ட்டின் மேல் அச்சடித்த கோடுகள் இரண்டு சுற்றில் திரும்ப நேராக வராது, பெல்ட்டின் பற்கள் எண்ணிக்கை வேறு, அதைப் பார்த்துப் பதறி மறுபடி கழற்றாதே.

ஸ்டார்ட் போடும் முன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய வாஷர் தடத்துக்கே திருப்பி வை, மறந்தால் ஸ்பார்க் இப்போது 15 டிகிரி முந்திக்கொண்டு நாக்கிங் அடிக்கும். இன்ஜின் சூடான பிறகு, டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு லைட் வைத்தால்தான் 10 டிகிரி என்பதற்கு அர்த்தம், இல்லையென்றால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு முன்பின் நகர்த்தும்.

இங்கே சொல்ல என்ன இருக்கிறது. மகன் பிஒய்டி மின்சாரக் கார் எடுத்திருக்கிறான், பெல்ட்டும் இல்லை ஆயிலும் இல்லை, பானெட்டைத் திறந்தால் எனக்கு வேலையே இல்லை. இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ சான்றிதழின் விலையைக் கேட்டால் உன் கூலாய் வீட்டில் பாதி வாங்கிவிடலாம், அதனால் கேட்காதே. தேக்காவில் தீபாவளிக் கடைகள் வந்துவிட்டன, அக்காவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் எழுது. உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வரும் அந்தப் புது ரயில் ஓடப் போகிறதாம், அதுவரை எனக்கு 950 பேருந்தும் கடற்பாலத்து வரிசையும்தான்.

டைமிங் லைட் வாங்காதே, என்னுடையது சும்மா கிடக்கிறது, அடுத்த சனிக்கிழமை கொண்டு வருகிறேன். ஜொகூர் பாருவில் என்னை ஏற்றிக்கொள்ள உன் மருமகன் காரை எடுத்து வா, உன்னுடையதை அதற்குள் கழற்றி வைத்திருந்தாலும் சரிதான். பிளக் ஸ்பானர் 16 மில்லி வேண்டும், உன்னிடம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
முத்து