உட்கார விடச் சொல்லுங்கள்

தொழிலாளர் துறை உயர் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-அ பிரிவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிற பிரிவு. அந்தச் செய்தி வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தளமே அதைத்தான் பேசியது.

ஸ்டூல் வந்தது உண்மைதான். பத்துப் பேருக்கு இரண்டு. அதன்மேல் எந்நேரமும் புடவைக் கட்டு இருக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் கட்டு கீழே இறங்கும்.

போன ஆடித் தள்ளுபடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரைக்கு நின்றவர்கள், சாப்பிட இருபது நிமிடம் போக, அப்படியே நின்றோம். என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்குக் காலில் நரம்புச் சுருட்டு உண்டு. மாலை ஆறு மணிக்கு மெட்டி விரலில் இறுகிப்போய்விட்டது. கழுவுமிடத்தில் வைத்துச் சோப்பு போட்டுத்தான் கழற்றினேன். விரலில் மெட்டி இருந்த இடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. திரும்பி வந்த அக்கா கட்டை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போது எதிரே வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கேமராவில் பார்த்துவிட்டு மேலேயிருந்து போன் வந்தது. சம்பள நாளன்று அரைநாள் சம்பளம் பிடித்தம்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். "ஸ்டூல் போட்டிருக்கோம்ல?" என்றார் மேற்பார்வையாளர்.

ஐயா, அம்மா, எங்களுக்கு வேண்டியது உட்கார அனுமதி. அதை வாங்கித் தாருங்கள்.

இரவு பத்து மணிக்கு டவுன் பஸ் ஏறுவேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். சீட் கிடைத்தால், சாப்பாட்டு நேரம் தவிர அன்றைக்கு நான் உட்காரும் முதல் இடம் அதுதான். அந்தப் பயணமும் 2021-இல் வந்ததுதான். அது எங்களுக்கு முழுசாக வந்து சேர்ந்தது. ஏனென்றால் பஸ்ஸில் ஏற நான் எந்த முதலாளியிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஸ்டூலுக்கு அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கழிப்பறைக்குப் போவதென்றாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், நேரம் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காத பெண்கள் எங்கள் தளத்தில் பாதிப் பேர். மாதவிலக்கு நாளில் என்ன பாடு என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே தெரியும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் கழிப்பறை கேட்டும் உட்கார இடம் கேட்டும் போராடினார்கள். அதற்குப் பிறகுதான் 2018-இல் கேரளத்தில் இந்த உரிமை சட்டமானது. இங்கே நாங்கள் போராடாமலே சட்டம் கிடைத்தது, அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய மாநிலத்தில், கடையில் ஒரு பெண் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததற்குச் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கேமராப் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்களிடம் மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். உட்கார்ந்ததற்காகச் சம்பளம் பிடித்தால் அபராதம் உண்டு என்று ஒவ்வொரு தளத்திலும் தமிழில் எழுதி ஒட்டச் செய்யுங்கள். எங்களை உட்கார விடச் சொல்லுங்கள்.

தயவுசெய்து முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
புடவைப் பிரிவு ஊழியர் ஒருவர்