'சொந்த நிதி' யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தின் புதிய நிர்வாகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய செய்தியைப் போன ஞாயிறு இதழில் படித்தேன். படம் அருமை. குடை பிடித்தவர் வரை எல்லோரும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள். "அரசுக்குச் செலவு வைக்காமல் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலேயே" என்று கீழே ஒரு வரி போட்டிருந்தீர்களே, அங்கேதான் என் காபி ஆறிப்போனது.

சொந்த நிதி! 31 வருடம் நிதிப் பிரிவில் உட்கார்ந்து, கடைசியில் கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். பல்கலைக்கழகத்துக்கு என்ன தோட்டம் துரவா இருக்கிறது? இணைப்புக் கல்லூரிப் பிள்ளைகள் கட்டும் தேர்வுக் கட்டணம், மறுமதிப்பீட்டுக்குக் கட்டுவது, பட்டச் சான்றிதழுக்குக் கட்டுவது, கல்லூரிகள் தரும் இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி நன்றாக ஓடிய காலத்தில் சேர்ந்த வைப்புத்தொகை. இவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா? அபராதத்தோடு தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் அன்று ஒரு பையன் வந்தான். ஐந்து பேப்பர் அரியர். அம்மாவின் கம்மலை அடகு வைத்த பணம் என்று கேட்காமலே சொன்னான். ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போனான். அந்தப் பணம்தான் ஐயா உங்கள் செய்தியில் வரும் கிரானைட் தரை.

இன்னொன்று. அரசு பணம் தராததில் என்ன பெருமை? அரசு மானியம் மொத்த வரவில் பாதிக்குக் கீழே போனால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. 2024இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியதை நீங்கள்தானே பெரிதாகப் போட்டீர்கள்? சரி, அது வேறு பக்கத்து ஆசிரியர் போலிருக்கிறது.

கட்டடம் கட்ட முறை இல்லாமல் இல்லை. பொதுப்பணித் துறை விலைப் பட்டியல்படி பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும். கட்டடக் குழு பார்க்க வேண்டும். பணம் எந்தத் தலைப்பில் என்று நிதிக்குழு சொல்ல வேண்டும். அப்புறம் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட். அதற்கும் அப்புறம்தான் டெண்டர்; 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைச் சட்டம் எங்களுக்கும் உண்டு. நடப்பது தலைகீழ். அடிக்கல்லுக்கு நல்ல நாள் முதலில் வரும், மதிப்பீடு பின்னால் ஓடி வரும். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு 'மேசைப் பொருள்' என்று, நிகழ்ச்சி நிரலில் இல்லாமல் கூட்டத்திலேயே வைக்கும் நாலு தாள் டைப் ஆகும். மதியச் சாப்பாடு முடிந்து உறுப்பினர்கள் ரயிலுக்கு நேரம் பார்க்கும்போது அது கைக்கு வரும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் துணைவேந்தரின் அவசர அதிகாரம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு, அதாவது முடிந்த காரியத்துக்கு ஒப்புதல், வாங்கிக்கொள்ளலாம். ஒரு சைக்கிள் கொட்டகைக்கு அவசர அதிகாரத்தில் ஒப்புதல் வாங்க நானே கோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சைக்கிள்களுக்கு அப்படி என்ன ஆபத்து வந்ததோ.

நூலக விரிவாக்கக் கதை உங்கள் நிருபருக்குத் தெரியும். பதினொன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) முதல் தவணை கொடுத்தது. பணத்தைச் செலவழித்தாயிற்று என்று மார்ச் 31க்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், கட்டடமோ அடித்தளத்தில் நிற்கிறது. ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்து, அதையே செலவு என்று எழுதினோம். எழுதியது இந்தக் கைதான். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை போட்டார்கள். அதற்குப் பதில் எழுதியதும் இந்தக் கைதான். இரண்டாம் தவணை வரவே இல்லை. 2017 மார்ச்சோடு ஐந்தாண்டுத் திட்டங்களே முடிந்துபோயின. நடுவில் ரூசா என்ற உயர்கல்வித் திட்டத்தில், மத்திய அரசு 60 சதவீதம் மாநிலம் 40 சதவீதம் என்று பணம் வந்தபோது, அது வேறொரு புதுக் கட்டடத்துக்குப் போனது. துணைவேந்தருக்குப் பதவிக்காலம் 3 வருடம். முந்தியவர் பாதியில் விட்டதை முடித்தால் கல்வெட்டில் யார் பெயரைப் போடுவது?

மேல்தளம் எழும்பவில்லை. தூண் கம்பிகள் மொட்டை மாடியில் துருப்பிடித்து நிற்கின்றன. மழை பெய்தால் கம்பி வழியே இறங்கும் துருத்தண்ணீர் பருவ இதழ்கள் அறைச் சுவரில் செங்கோடு போட்டிருக்கிறது. கீழே ஒரு நீல வாளி. அந்த வாளி சில்லறைச் செலவில் வாங்கியது. அதற்கு மட்டும் மூன்று விலைப்புள்ளி கேட்டார்கள்.

என் ஓய்வூதியம் போன மாதம் 19ஆம் தேதி வந்தது. ஓய்வூதிய நிதியிலிருந்து பொதுக் கணக்குக்குத் 'தற்காலிகமாக' மாற்றிய தொகை எட்டு வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கிறது. அதுவும் உங்கள் 'சொந்த நிதி'யில் சேர்த்தி என்றால், நானும் அந்தக் கட்டடத்துக்கு நன்கொடையாளன்தான். அடிக்கல் விழாவுக்கு அழைப்பிதழாவது அனுப்பியிருக்கலாம்.

2019இல் தேர்வுக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை மதிப்பீட்டிலேயே விடுபட்டதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் கற்றாழையின் பயன்கள் அரைப் பக்கம் வந்திருந்தது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இனிமேல் கட்டடச் செய்தி எழுதும்போது, பணம் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து, எந்தத் தேதி சிண்டிகேட்டில் ஒப்புதல் என்று இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். புகைப்படக்காரர் அந்தப் பக்கம் போனால் வாளியையும் ஒரு படம் எடுக்கட்டும். பருவ இதழ்கள் அறை, கிழக்கு ஜன்னல் ஓரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிதிப் பிரிவுக் கண்காணிப்பாளர்

(பெயர் போட வேண்டாம். என் ஊதியத் திருத்தக் கோப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.)